மாலை ஏழு மணிக்கு எங்கே போகலாம்: சமூக மன்றமா, தொழிற்கல்லூரியா, நூலகமா?

வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் போக வாரத்தில் ஒன்றிரண்டு மாலைப்பொழுதுகள் மிஞ்சுகின்றன. எதையாவது கற்றுக்கொள்ளலாம், நாலு பேரோடு பழகலாம் என்று மனம் சொல்கிறது. சிங்கப்பூரில் இதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழிகள் ஏராளமாக இருப்பதுதான் பலரைத் தயங்க வைக்கிறது. வட்டாரத்தில் இந்தியர்களுக்கான நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் எங்கள் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியம் செய்கிறேன், மாலை வகுப்புகளில் மாணவியாகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் "எதில் சேரலாம்?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்காகப் படிப்பதென்றால் பலதுறைத் தொழிற்கல்லூரி அல்லது தொழில்நுட்பக் கல்விக் கழகம். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுப் பக்கத்துச் சமூக மன்றத்தில் தொடங்குங்கள். நிகழ்ச்சிகளுக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

வேறு சில நாடுகளில் வட்டார மக்களுக்கென்று ஒரு கல்லூரி இருக்கும். பட்டயம், மாலை வகுப்பு, நாடகம், இசை நிகழ்ச்சி எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். நம் ஊரில் அந்த வேலையைப் பல இடங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. சமூக மன்றங்களை நடத்தும் அரசு அமைப்பான மக்கள் கழகம் 1960 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியது. பகலில் வேலை பார்த்தவர்களுக்கு மாலையில் மொழியும் தொழிலும் சொல்லிக்கொடுக்க முதியோர் கல்வி வாரியம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். அந்த வாரியம் 1979இல் தொழிற்பயிற்சி வாரியத்தோடு இணைந்தது. அதன் தொடர்ச்சியாக 1992இல் உருவானதுதான் இன்றைய தொழில்நுட்பக் கல்விக் கழகம். இன்று சமூக மன்றங்கள் என்று நாம் சொல்லும் சமூக நிலையங்கள் மக்கள் கழகத்தின் கீழ் வளர்ந்தன. 1963இல் தொலைக்காட்சி வந்தபோது, பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சமூக நிலையத்தில் கூடி உட்கார்ந்துதான் பார்த்தார்கள். இன்று தீவு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூக மன்றங்கள் இருக்கின்றன. உங்கள் புளோக்கிலிருந்து நடந்தோ இரண்டு மூன்று பேருந்து நிறுத்தங்களிலோ போய்விடக்கூடிய தூரத்தில் ஒன்று இருக்கும்.

அந்தத் தூரம் சின்ன விஷயம் இல்லை. எட்டு வார வகுப்பில் முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். மூன்றாவது வாரம் மழை பெய்யும், பிள்ளைக்குப் பரீட்சை வரும், அலுவலகத்தில் கூட்டம் இழுக்கும். அந்த வாரம் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான் வருவார்கள். தீவின் மேற்கே ஜூரோங்கில் வேலை, வடகிழக்கே பொங்கோலில் வீடு என்றால், நடுவில் டோபி காட்டில் இறங்கி ஒரு வகுப்புக்குப் போய்த் திரும்பும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும், நடைமுறையில் தாங்காது. கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால் வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அரை மணிக்கு மேல் போனால் அந்த வகுப்பு உண்மையிலேயே வேண்டுமா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.

சமூக மன்றத்தில் என்ன கிடைக்கும்? யோகா, பாலிவுட் நடனம், பரதநாட்டியம், சிலம்பம், மலாய் மொழி, மாண்டரின், கேக் செய்வது, கைப்பேசியில் படமெடுப்பது, பூப்பந்து என்று பட்டியல் நீளும். எல்லா மன்றத்திலும் எல்லாம் இருக்காது. மக்கள் கழகத்தின் ஒன்பிஏ செயலியில் ஊரையும் வகுப்பையும் தேடினால் நேரம், கட்டணம், எத்தனை இடம் மிச்சம் என்பது வரை தெரியும். மக்கள் கழகத்தின் பேஷன் அட்டை வைத்திருக்கும் உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு, மற்றவர்கள் சற்றுக் கூடுதலாகக் கட்டிச் சேரலாம். குடியுரிமை இல்லையென்றாலும் தடையில்லை. இது முக்கியம், கீழே இதற்கு வருகிறேன்.

சமையல் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு நீள மேசை, அதில் அடுப்பு. அடுப்புக்கு மேலே சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி. பின்வரிசையில் இருப்பவருக்கும் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அதில் தெரியும். ஆசிரியர் சம்பல் வதக்கும்போது, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாகத் திரளும் வரை பொறுக்கச் சொல்வார். எல்லாரும் தலையை நிமிர்த்திக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்போம். பழகிய ஆள்கள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருப்பார்கள், புதியவர்கள் காகிதத் தட்டோடு நிற்பார்கள். மலாய் மாச்சிக் (அம்மா) ஒருவர் பெலாச்சான் என்ற இறால் விழுதை எவ்வளவு வறுப்பது என்று பக்கத்திலிருக்கும் சீன ஆன்ட்டியிடம் வாதாடுவார். நம் ஆள் ஒருவர் அதில் கறிவேப்பிலை போட்டால் என்ன என்று கேட்பார். யூடியூபில் சம்பல் செய்முறை ஆயிரம் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் சந்தையில் எதிரே வந்து "அன்றைக்குச் செய்ததை வீட்டில் செய்து பார்த்தாயா?" என்று கேட்க யூடியூபில் ஆள் கிடையாது.

மொழிக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. எங்கள் புளோக்கில் திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தங்கை இருக்கிறாள். அவளைத் தையல் வகுப்புக்குக் கூப்பிட்டபோது, "அக்கா, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, அங்கே போய் என்ன செய்யறது?" என்றாள். "முதல்ல வந்து உட்காரு, புரியாததை நான் சொல்றேன்" என்றேன். ஊசியும் நூலும் துணியும் கையில் இருக்கும்போது மொழி அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஆசிரியை கையைப் பிடித்துக் காட்டிவிடுவார். கையால் செய்து கற்கும் வகுப்புகளை மொழித் தயக்கம் உள்ளவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வேன். அப்புறம் அவர்களே பேச்சு ஆங்கில வகுப்பைத் தேடிப் போவார்கள்.

குறையையும் சொல்லவேண்டும். சமூக மன்ற வகுப்பில் ஆழம் எதிர்பார்க்க முடியாது. எட்டு வாரம் மாண்டரின் படித்தால் காப்பிக்கடையில் ஆர்டர் கொடுக்கலாம், நலம் விசாரிக்கலாம். செய்தித்தாள் படிக்க முடியாது. ஆசிரியரைப் பொறுத்துத் தரமும் மாறும். பெரும்பாலான வகுப்புகளுக்குச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான். இன்னொன்று, குறைந்தது இத்தனை பேர் சேர வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அந்த எண்ணிக்கை வராவிட்டால் வகுப்பு ரத்தாகும். பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள், ஆனால் மனம் விட்டுப்போகும். தமிழில் நடக்கும் வகுப்புகளுக்கு இந்த ஆபத்து அதிகம். கோலம், தமிழ் மேடைப்பேச்சு, நாட்டுப்புற நடனம் என்று அறிவிப்பு வரும்போது "நல்ல விஷயம்" என்று வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போடுகிறவர்கள் பலர். பெயர் பதிகிறவர்கள் கடைசி நாள் வரை காத்திருப்பார்கள். அதற்குள் ஆள் போதவில்லை என்று முடிவாகிவிடும். செயற்குழுவில் இருந்து பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும் இடம் இதுதான். தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னதாகவே ஒரு தோழியையும் இழுத்துக்கொண்டு சேர்ந்துவிடுங்கள்.

சரி, தொழிற்கல்லூரிக்கு வருவோம்.

சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி 1954இல் வந்தது, நீ ஆன் 1963இல், தெமாசெக் 1990இல், நன்யாங் 1992இல், ரிபப்ளிக் 2002இல். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கான இடம் என்றுதான் பெற்றோர்கள் இவற்றை நினைக்கிறார்கள். மாலையில் போய்ப் பாருங்கள், நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் அலுவலகச் சட்டையோடு நடந்து போவார்கள். கணக்கியல், தரவுப் பகுப்பாய்வு, இணையப் பாதுகாப்பு, குழந்தைப் பருவக் கல்வி, தாதிமை போன்ற துறைகளில் ஒரு நாள் பயிற்சியிலிருந்து பகுதிநேரப் பட்டயம் வரை இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு அங் மோ கியோ, சிமெய், சுவா சூ காங் என்று மூன்று கல்லூரிகள். குளிர்சாதனம், மின்கம்பி வேலை, பேக்கரி என்று கைத்தொழிலாக ஒன்றைக் கற்றுச் சம்பாதிக்க நினைப்பவர்கள் அங்கே பார்க்க வேண்டும். சமூக மன்றத்து கேக் வகுப்பும் அங்குள்ள பேக்கரிப் பயிற்சியும் ஒன்றல்ல. முன்னது பிறந்தநாளுக்கு, பின்னது பிழைப்புக்கு.

பணக் கணக்கு இங்கே வேறு மாதிரி. அரசு ஆதரவு பெற்ற பயிற்சிகளுக்குத் தொழிற்கல்லூரிகளில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணத்தில் 70 விழுக்காடு வரை மானியம் உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு அது 90 விழுக்காடு வரை போகும். 1,000 வெள்ளிப் பயிற்சி என்றால், முப்பத்தைந்து வயதுக்காரர் ஏறக்குறைய 300 வெள்ளி கட்டும் இடத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஏறக்குறைய 100 வெள்ளி கட்டுவார், வரி தனி. அந்த மிச்சத்தையும், பயிற்சிக்கென்று அரசு குடிமக்கள் கணக்கில் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 25 வயதான ஒவ்வொரு குடிமகனுக்கும் 2016இல் தொடங்கிய முதல் 500 வெள்ளிக்குக் காலக்கெடு கிடையாது. 2020இல் கூடுதலாகத் தந்த 500 வெள்ளி 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2024 மே மாதம் போட்ட 4,000 வெள்ளிக்கும் கெடு இல்லை. ஆனால் அது தேர்ந்தெடுத்த, வேலைக்கு நேரடியாகப் பயன்படும் பயிற்சிகளுக்கு மட்டும்தான் செல்லும். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக நீங்களே பாருங்கள். "நாங்கள் பதிந்து தருகிறோம்" என்று வரும் எவரிடமும் சிங்பாஸைக் கொடுக்காதீர்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்க நினைக்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. தகுதிபெறும் முழுநேரப் படிப்புகளுக்கு, 2025 முதல், கடந்த 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, பயிற்சிக் காலப் படித்தொகையாகப் பெறலாம். ஒருவர் வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்கு அது கிடைக்கும். பகுதிநேரப் படிப்புக்கு மாதம் 300 வெள்ளி என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கடனும் இருக்கும் ஒருவருக்கு, படிக்கலாமா கூடாதா என்பதை இந்தத் தொகைதான் தீர்மானிக்கும். இந்தத் திட்டம் பற்றி நம் காப்பிக்கடை மேசைகளில் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இது கண்டிப்பான இடம். மானியம் வாங்கினால் வழக்கமாக 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும், மதிப்பீட்டிலும் தேற வேண்டும். பாதியில் விட்டால் மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். வகுப்பு இரவு பத்து மணி வரை போகும். வீட்டுக்கு வந்து மறுநாள் வேலைக்கு எழ வேண்டும், வாரக்கடைசியில் ஒப்படைப்பு எழுத வேண்டும். குடும்பத்தில் மற்றவர்கள் தோள்கொடுக்காமல் இது நடக்காது. விண்ணப்பிக்கும் முன்னால் கணவனிடமோ மனைவியிடமோ, வீட்டிலிருக்கும் பெரியவர்களிடமோ உட்கார்ந்து பேசிவிடுங்கள். செவ்வாயும் வியாழனும் சமையல் யார், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் யார் என்பது வரை பேசுங்கள்.

தமிழையே ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சமூக மன்றமும் தொழிற்கல்லூரியும் போதாது. 2006இல் சிம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தவர்கள் பலர் இன்று தமிழாசிரியர்கள். ஆண்டுக்கணக்கான உழைப்பு அது. மாலைப்பொழுதைக் கழிப்பதற்காக யாரும் அதில் சேர வேண்டாம்.

நூலகத்தைப் பலர் இந்தப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பியம் இலவசம். வட்டார நூலகங்களில் தமிழ்ப் புத்தக அடுக்குகள் இருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005இல் திறந்த தேசிய நூலகக் கட்டடத்தில் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்து பற்றிய பழைய நூல்களும் கிடைக்கும். எழுத்தாளர் சந்திப்பு, பிள்ளைகளுக்குக் கதை நேரம், மின்னிலக்கத் திறன் பயிலரங்கு என்று பெரும்பாலும் காசில்லாமல் நடக்கின்றன. பதிந்தால் போதும். பிள்ளைகள் தமிழ் பேசவில்லை என்று கவலைப்படும் பெற்றோருக்கு, துணைப்பாட வகுப்பைத் தேடும் முன் தமிழ்க் கதை நேரத்துக்குத் தொடர்ந்து அழைத்துப் போகச் சொல்கிறேன். அங்கே மதிப்பெண் இல்லை. அதனால்தான் பிள்ளை வாய் திறக்கிறது. நூலகத்தில் இல்லாதது படிப்படியாக ஏறும் பயிற்சி. ஒரு மாலை, ஒரு தலைப்பு, அவ்வளவுதான்.

நிகழ்ச்சிகள் என்றால் நமக்கு ஏப்ரல்தான். வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் நடத்திவரும் தமிழ்மொழி விழாவில் அந்த மாதம் முழுக்கப் பட்டிமன்றம், நாடகம், கவிதை, மாணவர் போட்டி என்று தீவெங்கும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணமின்றிப் போகலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கே சிறப்பு நிகழ்ச்சிகள் இருக்கும். வட்டாரத்துப் பொங்கலும் தீபாவளி விருந்தும் நற்பணிச் செயற்குழுக்களின் கைங்கரியம். 1973இல் தொடங்கிய சிங்கே ஊர்வலத்தை மக்கள் கழகம் ஆண்டுதோறும் நடத்துகிறது. ஆட, தூக்க, தைக்க, ஒழுங்குபடுத்த அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும்.

நிகழ்ச்சியின் பலம் அதற்குத் தயாரிப்பு தேவையில்லை என்பது. குடும்பத்தோடு போகலாம், பிடிக்காவிட்டால் எழுந்து வரலாம். பலவீனமும் அதுவே. பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தெரிந்த முகங்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால் புதிதாக யாரையும் அறிந்திருக்க மாட்டோம். பார்வையாளராகப் போவதற்கும் தொண்டூழியராகப் போவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்று பொங்கல் விழாவில் ஒரு முறை கரும்பு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் ஐந்து பேர் சேர்ந்து பந்தலுக்குக் கரும்பைத் தூக்கி நிறுத்தி, கயிறு போதாமல் ஓடிப்போய் வாங்கிவந்து, பானை பொங்கும் நேரத்தில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால், மாலைக்குள் அந்த ஐந்து பேரும் உறவுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். சேர்ந்து ஆடும் குழுவோ தாளம் தட்டும் குழுவோ மேடையில் பிடித்துப்போனால், இறங்கியதும் போய்க் கேளுங்கள்: எங்கே பயிற்சி, என்றைக்கு, நானும் வரலாமா? நல்ல வகுப்புகள் பலவற்றுக்கு நான் ஆளனுப்பியது இப்படித்தான். விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களைவிட ஆட்டத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் நீடித்து நிற்கிறார்கள்.

மூத்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2016இல் வந்த நேஷனல் சில்வர் அகாடமி மூலம் தொழிற்கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் சமூக அமைப்புகளும் வகுப்பு நடத்துகின்றன. குடிமக்களுக்குக் கட்டண மானியம் உண்டு. பரீட்சை அழுத்தம் இல்லாமல் கல்லூரி வகுப்பறையில் உட்கார வேண்டும் என்ற ஆசை பல தாத்தா பாட்டிகளுக்கு இருக்கிறது. சின்ன வயதில் படிப்பைப் பாதியில் விட்ட தலைமுறை அது. அந்த ஆசையைச் சிரித்துத் தள்ளாதீர்கள், கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்குப் புளோக்கின் கீழேயே இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் அன்றாடத் துணை. உடற்பயிற்சி, கரவோக்கே, கேரம், சேர்ந்து சமைப்பது என்று பொழுது போகும். ஆனால் சில நிலையங்களில் மாண்டரினும் ஹொக்கியனும்தான் ஓடும். நம் வீட்டு அம்மா ஒரு நாள் போய்விட்டு "எனக்கு யாருமில்லை அங்கே" என்று திரும்பிவிடுவார். அவருக்கு இன்னொரு தமிழ் அம்மாவைச் சோடி சேர்த்து அனுப்புங்கள். நிலையத்தில் சொல்லியும் வையுங்கள், தமிழ் தெரிந்த தொண்டூழியர் இருக்கும் நாளை அவர்களே சொல்வார்கள்.

எந்தப் பக்கம் போவது என்று இன்னும் தயக்கமாக இருந்தால், வகுப்பு முடிந்த மறுநாள் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளியிடம் காட்டச் சான்றிதழ் வேண்டுமென்றால் தொழிற்கல்லூரி, தயங்காதீர்கள். சம்பளம் உயராத படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று: தனியாக இருக்கும் ஒருவருக்கு வியாழக்கிழமைதோறும் தன்னை எதிர்பார்க்கும் பத்துப் பேர் கிடைப்பது சம்பள உயர்வுக்குக் குறைந்ததல்ல. சமூக மன்றத்துக்கு என் வாக்கு அதற்காகத்தான். வாரம் தவறாமல் போக முடியாத வேலை, சுழல்நேர வேலை என்றால் நூலக நிகழ்ச்சிகளும் ஒரு நாள் பயிலரங்குகளும் பொருந்தும். முதலில் முழுப் பருவத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பிறகு மாற்றுவேலை நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கணவன் அல்லது மனைவியின் வேலை காரணமாக இங்கே வந்து, குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாமல் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன மானியங்களும் சிறப்புத் தொகையும் கிடையாது. முழுக் கட்டணத்தில் தொழிற்கல்லூரிப் பயிற்சி எடுப்பது கனமான செலவு. வேலை கையில் வந்த பிறகு யோசியுங்கள். அதுவரை சமூக மன்றத்தில் ஒரு கைவேலை அல்லது பேச்சு ஆங்கில வகுப்பு, ஏப்ரலில் தமிழ்மொழி விழா, ஜனவரியில் வட்டாரப் பொங்கலில் தொண்டூழியம் என்று தொடங்கலாம். பெயர் கொடுக்க உங்கள் சமூக மன்றத்தின் முகப்பில் போய் இந்தியர் நற்பணிச் செயற்குழு எப்போது கூடும் என்று கேளுங்கள். பொங்கலுக்கான ஆள்சேர்ப்பு நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும். கரும்பு தூக்கவும் கோலம் போடவும் அப்போது எங்களுக்கு ஆள் போதவே போதாது.